அம்முவின் பத்தாம் நாள்

1953ஆம் வருடம் மே மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு ராயபுரத்தில் என் தம்பி வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் பாய்லர் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பக்தவச்சலமாகிய நான், என் மனைவி கெங்கம்மா, என் தம்பியாகிய கிரேன் டிரைவர் சுப்பராயன், பிள்ளை பெற்றுப் பத்தாம் நாளில் இருந்த அவனுடைய இருபது வயது மகள் அம்மு, அவளுடைய பெண் குழந்தை, அவள் புருஷன் எத்திராஜ், பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா. ரஹீமுன்னிசா வாசலோடு நின்றாள், உள்ளே வரவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் பார்த்தாள், ஆகவே சேர்த்துக்கொள்கிறேன். பதினொன்றேகாலுக்கு அம்முவின் அண்ணன் டாக்டர் தாமோதரன் வந்தான். வேறு யாரும் கிடையாது. அன்று நானும் அங்கே இருந்தேன் என்று பிற்பாடு சொல்லித் திரிந்த கல்மண்டபத்துக்காரர்கள் ஒருவரும் அங்கே இல்லை.

சுப்பராயன் வீடும் என் வீடும் ஒரே முற்றத்தைப் பார்த்தவை. பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போதே அவன் மனைவி இறந்துவிட்டாள். தாமோதரனையும் அம்முவையும் வளர்த்தது கெங்கம்மா. ஆகவே அம்மு தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தபோது, தாயின் இடத்தில் நின்று பிரசவம் பார்த்ததும் பத்தியம் பார்த்ததும் அவள்தான். எங்கள் குடும்பத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பதினோரு நாள் காவல் உண்டு. ஜன்னலில் கோணி கட்ட வேண்டும். காதில் பஞ்சு, தலையில் துணி. அறையின் மூலையில் நெருப்புச் சட்டி. காசிமேட்டிலிருந்து பால் சுறா வாங்கிப் புட்டு செய்து பூண்டோடு கொடுக்க வேண்டும். மிளகுக் குழம்பு, சுட்ட கருவாடு, கெட்டிச் சோறு. தண்ணீர் மட்டும் அளவுதான். சுக்கு போட்டுக் காய்ச்சியது, காலையில் ஓர் உழக்கு, சாயங்காலம் ஓர் உழக்கு. தண்ணீர் அதிகம் போனால் பெற்றவளுக்கு ஜன்னி கண்டுவிடும், பிள்ளைக்குச் சளி கட்டும் என்பது எங்கள் பெரியவர்கள் சொன்னது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவில் பாதி வீடுகளில் அதுதான் நடைமுறை.

அந்த வருடம் அக்னி நட்சத்திரம் கொடுமையாக இருந்தது. தெருக் குழாயடியில் பித்தளைக் குடத்தைத் தொட முடியாது. கடல் காற்று மாலை நாலு மணிக்கு மேல்தான் வரும், சில நாள் வராது. அந்த வெயிலில், கோணி கட்டிய அறைக்குள் நெருப்புச் சட்டியோடு அம்மு கிடந்தாள். முற்றத்தில் உட்கார்ந்தால் அவள் குரல் கேட்கும்.

"பெரிம்மா, நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கினு கீது. ஒரே ஒரு வாய்."

"பதினோரு நாளு முடியட்டும்மே. அப்பால கொளத்தையே குடி, ஆரு வேணான்றது?"

"கொளத்துல தண்ணி கீதான்னு மொதல்ல பாரு பெரிம்மா, நான் வர்றதுக்குள்ள வத்திடப் போவுது."

கெங்கம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஐந்தாம் நாள் ரஹீமுன்னிசா ஒரு கூஜா நிறைய பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்தாள். அதை முற்றத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்பியது நான். "எங்க வூட்டு மொறை எங்களுக்குத் தெரியும்மா" என்றேன். அவள் கூஜாவை எடுத்துக்கொண்டு போனாள்.

தாமோதரன் அப்போது எங்களோடு இல்லை. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ராயபுரத்திலேயே படித்து, எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக மருத்துவக் கல்லூரிக்குப் போனவன். சுப்பராயன் கிரேன் மேலே உட்கார்ந்துகொண்டு கீழே போகிறவர்களிடமெல்லாம் கத்திச் சொன்ன சேதி அது. லண்டனில் ஒன்றரை வருடம் இருந்து மேல்படிப்பும் முடித்து வந்தான். ஊசி போட்டு, மாத்திரை எழுதி, வண்ணாரப்பேட்டையில் ஒரு டிஸ்பென்சரி வைப்பான், பலகையில் பெயர் எழுதுவோம் என்று நான் நினைத்திருந்தேன். அவனோ பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஓர் அறையில் உட்கார்ந்தான். பக்கவாதம் வந்து செத்தவர்களின் மூளையை எடுத்து, அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்களில் மை ஏற்றி, எந்தக் குழாய் எங்கே அடைத்தது என்று பார்த்துப் படம் வரைவான். அதுதான் வேலை. சம்பளம் குறைவு. வீட்டுக்கு வந்தால் சட்டையில் ஃபார்மலின் நெடி அடிக்கும். பெண் கொடுக்க வந்த இரண்டு இடங்கள் மாப்பிள்ளை வேலையை விசாரித்ததும் திரும்பிப் போயின.

"மண்டையத் தொறக்கறதுக்கா ஒன்ன அனுப்பிச்சோம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாய்லரத் தொறந்து பாக்காம டியூப்ல இன்னா கோளாறுன்னு சொல்லுவீங்களா பெரியப்பா?" என்றான். லண்டன் போய் வந்தும் வீட்டில் அவன் பேச்சு மாறவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் அம்முவுக்குப் பிரசவமானதும் நான் அவனுக்குச் சொல்லி அனுப்பியது இது: பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டுக்குச் செத்தவர்களைத் தொட்ட கையோடு வர வேண்டாம், பதினோரு நாள் கழித்து வந்து குழந்தையைப் பார். அவன் கீழ்ப்படிந்தான். இப்படி ஒரு நோய் வரும் என்று தெரிந்த ஒரே ஆளை நான் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை.

எட்டாம் நாள் அம்முவுக்குத் தலைவலி தொடங்கியது. ஒன்பதாம் நாள் வாந்தி. பால் சரியாகச் சுரக்கவில்லை, குழந்தை கத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுடைய வலது கை தானாக வெட்டி இழுத்தது. பிறகு வாய் கோணியது. பிறகு உடம்பு முழுவதும். கெங்கம்மா அம்முவின் கையில் இரும்புச் சாவியைத் திணித்தாள். எத்திராஜ் அன்று குழந்தையைப் பார்க்க வந்தவன், கதவருகில் நின்றான்.

தாமோதரனுக்கு ஆள் அனுப்பியது நானில்லை, சுப்பராயனும் இல்லை. ரஹீமுன்னிசா தன் புருஷன் மதார் சாகிப்பைச் சைக்கிளில் விரட்டியிருக்கிறாள்.

அவன் உள்ளே நுழைந்ததும் நான் எழுந்து நின்றேன். "யாரக் கேட்டு வந்தே?"

"ஆரையும் கேக்கல பெரியப்பா. கைய நல்லா கழுவிக்கினுதான் வந்தேன். வழிய வுடுங்க."

விட்டேன். அவன் முதலில் ஓர் ஊசி போட்டான், இழுப்பு நின்றது. சின்ன விளக்கு வைத்த ஒரு கருவியால் அவள் கண்களுக்குள் வெகு நேரம் பார்த்தான். இடது காலைத் தூக்கி விட்டான், மெல்ல இறங்கியது. வலது காலைத் தூக்கி விட்டான், கட்டை போல விழுந்தது. ரத்த அழுத்தம் பார்த்தான். பிறகு ஜன்னலில் இருந்த கோணியைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தான்.

"பெரிம்மா, தண்ணி எவ்ளோ குடுத்தே?"

கெங்கம்மா நிமிர்ந்து சொன்னாள். "ஒரு சொட்டு கூட அதிகமா குடுக்கலடா. காலைல ஒழக்கு, சாயங்காலம் ஒழக்கு. இந்த வூட்டு மொறை கெட்டுதுன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். நெற்றியில் கையை வைத்துக்கொண்டான்.

"இன்னாடா?" என்றான் சுப்பராயன்.

"நைனா, ரெண்டு வருசமா பதினோரு பொம்பளைங்க மூளைய வரைஞ்சி வெச்சிகிறேன். எல்லாம் புள்ள பெத்து மூணு வாரத்துக்குள்ள செத்ததுங்க. பதினெட்டு வயசு, இருவது வயசு. எல்லாத்துக்கும் தலைவலி, அப்பால இழுப்பு, அப்பால கை கால் வுழுந்துடும். ஜன்னின்னு எழுதிட்டு எரிச்சிடுவாங்க, பொதைச்சிடுவாங்க. தலை உச்சில ஒரு பெரிய ரத்தக் கொழாய் போவுது. மூளைலேர்ந்து ரத்தம் திரும்பிப் போற வழி அது. பதினோரு பேருக்கும் அது அடைச்சிக்கினு கெடந்துச்சி. வியாசர்பாடி, தண்டையார்பேட்டைன்னு அவங்கவுங்க வூட்டுக்குப் போயி கேட்டேன். எல்லா வூட்லயும் பெரிம்மா சொன்னதையே சொன்னாங்க. பெருமையா சொன்னாங்க."

எத்திராஜ் மெதுவாகச் சொன்னான். "எங்க நைனா காத்து கருப்பா இருக்கும்ன்றாரு மச்சான். திருவொத்தியூர்ல ஒருத்தரு மந்திரிக்கறாரு…"

"ஒங்க நைனாவுக்கு மந்திரிக்கச் சொல்லு. இவளை ஆஸ்பத்திரிக்கு இட்னு போணும். இப்பவே."

"முடியாது" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று என் மனத்தில் என்ன இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. பதினோரு நாள் முடியாமல் வாசற்படி தாண்டக் கூடாது என்பது ஒன்று. ஊர் பார்க்க அவளுக்கு இழுத்துக்கொண்டால், வலிப்புக்காரியை மறைத்துக் கட்டிக்கொடுத்த குடும்பம் என்று பெயர் வரும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது.

தாமோதரன் எழுந்து என் முன்னால் வந்து நின்றான். "பெரியப்பா, ஒரு கேள்வி. பாய்லர்ல மட்டம் காட்டற கண்ணாடில தண்ணி கீழ எறங்கிப் போயி கண்ணுக்கே தெரியலன்னா இன்னா பண்ணுவீங்க? மேனேஜருக்குக் கெட்ட பேரு வரும்னு குந்திக்கினு இருப்பீங்களா? ஒடனே தண்ணிய தொறந்து வுடுவீங்களா?"

"தண்ணி வுடறவன் முட்டாளு. காஞ்சிப் போன தகட்டுல பச்சத் தண்ணி பட்டா வெடிச்சிடும். மொதல்ல அடுப்புலேர்ந்து நெருப்ப வாரி வெளிய தள்ளுவேன்."

"அதான். நான் மொதல்ல நெருப்ப வாரிட்டேன், அந்த ஊசிதான் அது. இப்ப வாயில ஊத்துனா மூச்சுல போயிடும். நரம்புல ஊசி குத்தி, கொஞ்சம் கொஞ்சமா, ராவும் பகலும் பாத்துக்கினு ஏத்தணும். அது இந்த ரூம்ல முடியாது. இன்னொரு தபா இழுத்துச்சின்னா பன்னெண்டாவது படம் என் தங்கச்சியோடது. சொல்லுங்க."

கையில் சொம்போடு நின்ற கெங்கம்மா அதைத் தரையில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஜட்கா கூப்புடு" என்று எத்திராஜிடம் சொன்னேன்.

நடுப்பகலில் ஜட்காவில் போனோம். ரோட்டில் தார் உருகிச் சக்கரத்தில் ஒட்டியது. அம்முவின் தலையை சுப்பராயன் மடியில் வைத்திருந்தான். நான் குடையைப் பிடித்தபடி முன்னால் உட்கார்ந்தேன். குழந்தையை ரஹீமுன்னிசா வாங்கிக்கொண்டாள். அவளுக்கே அப்போது எட்டு மாதக் கைக்குழந்தை இருந்தது. அடுத்து வந்த நாட்களில் எங்கள் பேத்தி அவளிடம்தான் பால் குடித்தாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லிக் காட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மூத்த டாக்டர், ரத்த அழுத்தம் ஏறி வருகிற பிரசவ ஜன்னி என்றார். ரத்த அழுத்தம் ஏறவில்லை, இழுப்பு ஒரு கையில்தான் தொடங்கியது, கண்ணுக்குள் வீக்கம் இருக்கிறது என்று தாமோதரன் இங்கிலீஷில் சொன்னான். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். அவர் இரண்டு கேள்வி கேட்டார், இவன் நின்ற இடத்திலேயே பதில் சொன்னான். கடைசியில் அவர், "உன் தங்கை, உன் கேஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பாட்டிலிலிருந்து சலைன் என்கிற உப்பு நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. தாமோதரன் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் அதே வார்டில் வியாசர்பாடிப் பெண் ஒருத்தி செத்தாள். ரயில்வே கூலியின் மனைவி. பிள்ளை பெற்றுப் பதினாலாம் நாள், கொண்டுவந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் புருஷன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். தாமோதரன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மூளையை எடுத்துப் பார்க்கச் சம்மதம் கேட்டு அரை மணி நேரம் பேசினான். நான் தள்ளி நின்றேன்.

"அறுத்தா அவ திரும்பி வருவாளா சார்?"

"வரமாட்டா தம்பி."

"அப்ப இன்னாத்துக்கு?"

"ஒனக்குத் தங்கச்சி கீதா?"

"ரெண்டு கீது."

"அதுங்களுக்கு."

அந்த ஆள் சரி என்று தலையை ஆட்டினான்.

மறுநாள் நானே பின்கட்டு அறைக்குப் போனேன். அதுவரை போனதில்லை. நெடி தொண்டையைப் பிடித்தது. தாமோதரன் அந்தப் பெண்ணின் படத்தை எடுத்துக் காட்டினான். பென்சிலும் மையும் கொண்டு வரைந்தது. தலை உச்சியில், முன்னிருந்து பின்னாக, அந்தக் குழாய் உறைந்த மெழுகு போலக் கருத்துத் திரண்டு கிடந்தது. அதற்குப் போகும் சின்னக் குழாய்களெல்லாம் புடைத்து நின்றன. முப்பத்து நான்கு வருடம் குழாய்களோடு வாழ்ந்தவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"தண்ணி மட்டுந்தான் காரணமா?" என்று கேட்டேன்.

"தெரியல பெரியப்பா. புள்ள பெத்த ஒடம்புல ரத்தம் தானாவே சீக்கிரம் ஒறையும். அதுல வெயிலு, அதுல தாகம். எல்லாருக்கும் வர்றதில்ல. ஏன் இவளுக்கு வந்துச்சி, பக்கத்து வூட்டுக்காரிக்கு வரலன்னு கேட்டா என்னாண்ட பதிலு இல்ல. அத்த கண்டுபுடிக்கத்தான் குந்திக்கினுகீறேன். ஆனா தண்ணி குடுக்கறத்துக்கு அது வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல."

அன்று சாயங்காலம் அம்மு கண் திறந்தாள். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. தண்ணி என்றாள். கெங்கம்மாதான் ஊட்டினாள், ஸ்பூன் ஸ்பூனாக, ஒரு மணி நேரம்.

ஆஸ்பத்திரிக்குப் போன ஆறாம் நாள் சேதி வந்தது. எத்திராஜின் அப்பா கிருஷ்ணப்பன், திருவொற்றியூர் எண்ணெய் மில்லில் டைம்கீப்பர், நாலு பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசுகிறார்: வலிப்பை மறைத்துப் பெண்ணைத் தள்ளிவிட்டார்கள், இனி அவள் இங்கே வரவேண்டாம், தாலியைக் கழற்றிக் கொடுக்கட்டும். அம்மு பிழைத்தால் அவளுக்கு இதுதான் காத்திருந்தது.

நான் சட்டையை மாட்டினேன். தாமோதரனை வரச் சொன்னேன். கெங்கம்மா தானாகப் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ எதுக்கு?"

"சோறு போட்டது நான். நீங்க பேசுனா அவுரு கேப்பாரா?"

கிருஷ்ணப்பன் வீட்டுக் கூடத்தில் நாலு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், எத்திராஜ் சுவரோரம் நின்றான். மோர் கொண்டுவந்தார்கள். பேசி முடிக்காமல் குடிக்க மாட்டேன் என்று சொல்லி நின்றுகொண்டே இருந்தேன்.

"குந்துங்க சம்பந்தி. நின்னுக்கினே சண்ட போட்டா காலு நோவும்" என்றார் கிருஷ்ணப்பன். "எங்க பரம்பரைல வலிப்பு கெடையாது."

"எங்க பரம்பரைலயும் கெடையாது."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு மட்டும் வானத்துலேர்ந்து வுழுந்துச்சா?"

தாமோதரன் வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவன் சொன்னால் டாக்டர் பேச்சு. அது நான் சொல்ல வேண்டியது.

"பத்து நாளு நாங்க அவளுக்குத் தண்ணி குடுக்கல. வெயில்ல, நெருப்பு பக்கத்துல போட்டு வெச்சோம். ரத்தம் கெட்டியாயி மூளைல அடைச்சிக்கிச்சி. பக்கத்து வூட்டம்மா கொண்டாந்தத கூட நான் திருப்பி அனுப்பிச்சேன். பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. தப்பு எங்களது."

பெஞ்சில் ஒருவர் சிரித்தார். "இன்னா மேஸ்திரி, நாங்களுந்தான் குடுக்கறதில்ல. எங்க வூட்ல ஆறு பேரு பெத்து எயுந்துட்டாளுங்க."

"எயுந்தவளுங்கள மட்டும் எண்ணாதீங்க" என்றாள் கெங்கம்மா. நாலு ஆம்பிளைகள் நடுவில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "எயாதவளுங்க எத்தினி பேரு? சொல்லுங்க. என் வூட்ல ஒருத்தி எயாம போயிருப்பா. என் கையால."

கிருஷ்ணப்பன் தரையைப் பார்த்தார்.

"என் தங்கச்சி" என்றார் கடைசியில். "ஒம்பதாம் நாளு. இப்பிடித்தான் கை இழுத்துச்சி. பேயின்னு சொல்லி வேப்பிலை அடிச்சோம்."

"தண்ணி கேட்டாங்களா?" என்று தாமோதரன் மெல்லக் கேட்டான்.

அவர் எழுந்து, மகனைப் பார்த்து, "இன்னும் இன்னாத்துக்கு இங்க நின்னுகினுகீறே? ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். நான் மோரைக் குடித்தேன்.

அம்மு இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள், வேகமாகப் போனால் தெரியும். திருவொற்றியூரில்தான் இருக்கிறாள். மூன்று வருடம் கழித்து ஒரு பையன் பிறந்தான். அந்தப் பிரசவத்துக்கு ஜன்னலில் கோணி கட்டவில்லை. ரஹீமுன்னிசாவின் கூஜா இரண்டு வாரம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அத்த வுடுங்க பெரியவரே, கூஜாவ நசுக்காம குடுத்துடுங்க, அது எங்கம்மா வூட்டுது" என்றாள்.

கெங்கம்மா இப்போது பச்சை உடம்புக்காரி இருக்கிற வீடுகளுக்குத் தானாகப் போய்விடுகிறாள். ஏசுகிறார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள், அவள் குழாயடியிலேயே நின்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தாள். தாமோதரனின் நோட்டில் இப்போது நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். அதில் பாதிக்குமேல் படமில்லாத பக்கங்கள், பிழைத்தவர்களுடையவை. அவன் எழுதிய கட்டுரை ஒரு டாக்டர்கள் பத்திரிகையில் வந்தது. பெயர் போடாமல், வயது மட்டும் போட்டு, அம்முவைப் பற்றியும் அதில் உண்டு. அச்சுக்குப் போகும் முன் என்னிடம் காட்டினான். 'துறைமுகக் கூலியின் மகள்' என்று இங்கிலீஷில் இருந்தது. கிரேன் டிரைவரின் மகள் என்று திருத்தச் சொன்னேன். திருத்தினான். தண்ணீர் கொடுக்கப்படவில்லை என்ற வரியை எடுத்துவிடட்டுமா என்று அவனே கேட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

ராயபுரத்தில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. டாக்டர் தாமோதரன் தன் தங்கையின் மண்டையை ரம்பத்தால் அறுத்து, வெள்ளிக் கம்பியால் அடைப்பை எடுத்து, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் ரத்தத்தை ஏற்றித் தைத்தான் என்கிறார்கள். தையல் தழும்பைப் பார்த்தவர்கள்கூட இருக்கிறார்களாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அம்முவின் தலையில் கத்தி படவில்லை. அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். கொடுக்காமல் வைத்திருந்தவர்கள் நாங்கள்.